நானூற்றுப் பன்னிரண்டாவது இன்ஜின்

பட்டறையில் எல்லோரும் அரைமிதியார் என்று அழைக்கும் அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தேய்ந்துபோன கார் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதுப் பாகங்கள் பூட்டி மறுபடியும் கட்டி முடித்த பிறகு, அதன் முதல் முந்நூறு கிலோமீட்டரை ஓட்டிப் பழக்கிக் கொடுப்பது அவர் தொழில். பத்தொன்பது ஆண்டுகளாக வேறு வேலை செய்ததில்லை. பழக்கிய இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு; ஒவ்வோர் எண்ணுக்கும் குறிப்பேட்டில் நான்கு பக்கம். தேதி, நேரம், ஓடிய தூரம், ஆயில் அழுத்தம், தண்ணீரின் சூடு, காதில் விழுந்த சத்தம் என்று ஆறு கட்டங்கள். சத்தம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் இருக்கும். சில நாட்களில் "இல்லை என்று நினைக்கிறேன்" என்று இருக்கும். அப்படி நிரம்பிய குறிப்பேடுகள் இருபது வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. இருபத்தொன்றாவது அவர் கையில் இருந்தது.

பெயரை வைத்தவர் பட்டறையின் கடைசல்காரர், அதாவது சிலிண்டர் கடையும் இயந்திரத்தை ஓட்டுபவர். வேக மிதியைப் பாதிக்கு மேல் அமுக்காத ஒருவரை வேறு எப்படி அழைப்பது என்பது அவருடைய வாதம்.

"அண்ணன் வண்டியை நடந்து போறவன் முந்திட்டுப் போவான். போறவன் சும்மாவும் போகமாட்டான். கண்ணாடியில தட்டி, என்ன சார், தள்ளி விடவான்னு கேட்டுட்டுப் போவான்."

அரைமிதியாரின் மனைவி சீருடை தைக்கும் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறார். அவருடைய கேலி இன்னும் சுருக்கமானது: "அவசரம்னா நான் நடந்து போறேன். அவசரம் இல்லைன்னா உங்க கூட வர்றேன்."

கேலிக்கு அவர் கோபித்துக்கொண்டதில்லை. காரணம் மனைவிக்குத் தெரியும். அந்தக் காரணம் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை, ஏனென்றால் குறிப்பேடுகள் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பட்டறையில், புதிதாகக் கட்டிய ஓர் இன்ஜினை அவர் ஓட்டிப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் மனைவி. பின்னால் நான்கரை வயது மகள். போகிற வழியில் அவர்களை மனைவியின் அக்கா வீட்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. தூறல் விழுந்து நனைந்திருந்த நேர்ச்சாலை. அறுபதாவது கிலோமீட்டரில் அவர் மிதியை முழுதாக அமுக்கினார். உள்ளே ஏதோ இறுகி, இன்ஜின் ஒரு நொடியில் கல்லாக நின்றது. அதோடு முன்சக்கரங்களும் நின்றன. கிளட்சை மிதித்திருந்தால் சக்கரங்கள் விடுபட்டிருக்கும். அவருக்குக் கால் ஓடவில்லை. வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு மதகின் சுவரில் போய் இடித்தது. மனைவியின் வலது தோள் எலும்பு முறிந்தது; இன்றைக்கும் அந்தக் கையால் அவர் மேல்தட்டு டப்பாவை எடுப்பதில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயில் போகும் துளை ஒன்று அடைபட்டிருந்ததுதான் காரணம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. தன் கால்தான் செய்தது என்பதில் அவருக்கு அன்றும் இன்றும் சந்தேகம் கிடையாது.

அதன் பிறகு இரண்டு விதிகளை அவரே வகுத்துக்கொண்டார். பழகாத இன்ஜின் உள்ள வண்டியில் தன்னைத் தவிர யாரும் ஏறக் கூடாது. இடது கால் எப்போதும் கிளட்சின் மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். நானூற்றுப் பதினொரு இன்ஜின்கள் அப்படிப் பழகின, ஒன்றும் இறுகவில்லை. பிஸ்டனைச் சுற்றி மாட்டும் பழைய ரக ரிங்குகள் தடிமனானவை, சிலிண்டர் சுவரும் சற்றுச் சொரசொரப்பாகக் கடையப்பட்டது. மெதுவாக ஓட்டினாலும் அவை தேய்ந்து தேய்ந்து ஒன்றோடொன்று பொருந்திவிடும். ஆகவே அவருடைய பயம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. முதலாளிக்கு அது பொறுப்புணர்ச்சியாகவே தெரிந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாவது இன்ஜினைக் கட்டியவர் அவர் மகள்.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. நான்கு ஆண்டுகளாக அதே பட்டறையில் பாகங்கள் கழுவும் தொட்டியருகே நின்றவள். மண்ணெண்ணெய் வாடை தலைமுடியில் ஏறி, வீட்டில் தலையணை உறை வரைக்கும் வந்துவிட்டது. அளவெடுக்கும் கருவிகளைக் கையாளத் தானாகவே பழகிக்கொண்டாள். இன்ஜின்களைக் கட்டும் மேசையில் இருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டபோது, முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஒண்ணு கட்டு. முழுசா நீயே கட்டு. முந்நூறு ஓடினதும் நானே குச்சி போட்டு ஆயில் பார்ப்பேன். குச்சியில உள்ள ரெண்டு கோட்டுக்கு நடுவுல கால்பங்குக்கு மேல குறையாம இருந்தா மேசை உனக்கு. குறைஞ்சிருந்தா பிரிச்சு நான் கட்டிக்கிறேன், நீ தொட்டிக்குத் திரும்பிப் போயிடு. வெளியிலேருந்து ஆள் எடுத்துக்கிறேன். வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படுவேன் சார். ஆனா கட்டுறேன்," என்றாள் மகள்.

அவள் கட்டியதில் ரிங்குகள் புது ரகம், மெல்லியவை. சிலிண்டர் சுவரின் கடைசலும் நுண்ணியது. இவற்றுக்குச் சாவகாசம் கிடையாது. முதல் நூறு கிலோமீட்டருக்குள் இன்ஜினுக்குப் பாரம் கொடுக்க வேண்டும். அந்த அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு சேர்த்து அமுக்கித் தேய்த்து உட்கார வைக்கும். கொஞ்சிக் கொஞ்சி ஓட்டினால் சுவரில் ஆயில் கருகிக் கண்ணாடிபோல ஒரு பூச்சாகப் படியும். அதன் பிறகு ரிங் உட்காராது, ஆயில் மேலேறிப் புகையாகப் போய்க்கொண்டே இருக்கும். மகள் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருந்தாள்: மூன்றாவது கியர், நாற்பதிலிருந்து எழுபது வரை, முழு மிதி, பிறகு காலை எடுத்து, கியரிலேயே விட்டு நாற்பதுக்கு இறங்க வேண்டும். இது ஓர் இழுப்பு. இப்படிப் பத்து.

தாளை அவர் இரண்டு முறை படித்தார். "முழு மிதியா?" என்று மட்டும் கேட்டார்.

"முழு மிதிப்பா. அங்கதான் இருக்கு எல்லாமே."

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு இன்ஜின் முதன்முறையாக உயிர்பெற்றது. ஆயில் அழுத்தம் நன்றாக இருந்தது; ஒழுக்கு இல்லை. பட்டறைக்குள்ளேயே இருபது நிமிடம் ஏற்றி இறக்கி ஓடவிட்ட பிறகு, சோதனை ஓட்டத்துக்கான தற்காலிக எண் பலகையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார். மகள் வாசல் வரை வந்து நின்றாள். கையசைக்கவில்லை, ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இழுப்புக்காக அவர் தேர்ந்தெடுத்தது கிடங்குகளுக்குப் பின்புறம் போகும் அகலச் சாலை. பதினொரு மணிக்கு அங்கே அதிகப் போக்குவரத்து இல்லை. மூன்றாவது கியர். நாற்பது. வலது கால் இறங்கியது. இன்ஜினின் குரல் தடித்தது. நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. அந்தத் தடித்த குரலுக்குள் வேறொரு சத்தம் தொடங்கப்போகிறது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. கால் தானாக மேலே வந்துவிட்டது. இரண்டாம் முறை நாற்பத்தொன்பதிலேயே வந்துவிட்டது. மூன்றாம் முறை கால் இறங்கவே மறுத்தது.

இது மகளின் இன்ஜின். இறுகினால் மேசையும் போகும், பெயரும் போகும். அப்பா ஓட்டி அப்பாவே உடைத்தார் என்று ஆகும். மெதுவாக ஓட்டினால் அப்படி எதுவும் நேராது, நானூற்றுப் பதினொன்றில் நேரவில்லை. இப்படித்தான் அவர் தனக்குத்தானே சமாதானம் சொன்னார். வண்டியைக் கிடங்குச் சுவரின் நிழலில் நிறுத்தினார். கைக்குட்டையால் உள்ளங்கைகளைத் துடைத்தார். குறிப்பேட்டை எடுத்து, இழுப்பு ஒன்று என்று எழுதி, எதிரே சரி என்று குறியிட்டார். இப்படிப் பத்து. நேரமும் எழுதினார்: 11.05, 11.08, 11.12. மூன்று நிமிடத்துக்கும் நான்கு நிமிடத்துக்கும் மாற்றி மாற்றி, உண்மையாக ஓட்டியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. பத்தொன்பது ஆண்டுக் கணக்கில் அதுதான் முதல் பொய். எழுதி முடித்தபோது எழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்ததை அவரே கவனித்தார். அது அவரை மேலும் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, நூற்று முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில், வண்டி பட்டறை வாசலில் திரும்பும்போது பின்குழாயிலிருந்து நீலமாக ஒரு புகை வந்தது. மெல்லிய புகைதான். கடைசல்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னண்ணே, சாம்பிராணி போடுறீங்களா?"

மகள் சிரிக்கவில்லை. வண்டி ஆறும் வரை காத்திருந்து, அளவுக்குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். பார்த்த பிறகும் குச்சியை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். முந்நூறு கிலோமீட்டருக்கு அனுமதித்த கால்பங்கில் பெரும்பகுதி பாதித் தூரத்துக்குள்ளேயே போயிருந்தது.

அன்றும் மறுநாள் காலையும் வீட்டில் மகள் தேநீரை ஆறவிட்டுவிட்டு அப்படியே வைத்தாள். புதன்கிழமை காலை அவர் பெயருக்கு ஓர் ஓட்டம் போய், இருபத்தொன்பது கிலோமீட்டரோடு திரும்பி வந்தார். புகை கூடியிருந்தது. மகள் கையை நீட்டினாள்.

"அப்பா, குறிப்பேட்டைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து திங்கட்கிழமைப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பத்துக் குறிகளையும் எண்ணினாள். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் தொட்டியில் மிதந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுப்பு பத்தும் சரியா போயிருக்கு. அப்போ உங்க பக்கம் ஒண்ணும் இல்லை. ரிங்தான். ரெண்டாவது ரிங்கை நான் தலைகீழாப் போட்டிருப்பேன்."

"நீ ரெண்டு தடவை பார்த்துத்தானேம்மா போட்ட."

"மூணு தடவை பார்த்தேன். அப்படியும் தப்பு வருதுன்னா என் கண்ணை நான் எப்படி நம்புறது? ரெண்டு மணிக்கு முதலாளி வருவார். நானே சொல்லிடுறேன், தப்பாக் கட்டிட்டேன், பிரிச்சுடலாம்னு. நாளைக்கு அவரா கண்டுபிடிக்கிறதுக்கு இது மேல்."

அப்போது மணி பன்னிரண்டு இருபது. அவர் பின்கட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். தண்ணீர் கன்னத்தில் பட்டதே தெரியவில்லை. அந்த மதகுச் சுவர் எதிரே வந்தபோது இருந்த பயம் இரண்டு நொடிப் பயம். இது நின்று நிதானமாக அரித்தது. சொல்லிவிட்டால் மகள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தார். சொல்லாவிட்டால், வாழ்நாள் முழுதும் அவள் தன் கையையே சந்தேகிப்பாள். இதற்கு நடுவே மூன்றாவது வழி ஏதாவது இருக்கிறதா என்று, வெட்கத்தை விட்டு, அவர் தேடியும் பார்த்தார். பதினைந்து நிமிடம் தேடினார். இல்லை.

திரும்பி வந்தபோது மகள் பாகங்கள் வைக்கும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மேசையைக் காலி செய்கிறவளைப்போல.

"அந்தக் குறியெல்லாம் பொய்ம்மா," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "எந்தக் குறி?"

"பத்தும். நான் மிதிக்கல. மிதிக்க வரல."

கோபத்துக்கு அவர் தயாராக இருந்தார். மகள் கேட்டதோ அளவு. "எவ்வளவு வரைக்கும் போனீங்க?"

"ஐம்பத்திரண்டு. ஒரு தடவை. அப்புறம் நாற்பத்தொன்பது."

"முழு மிதியா?"

"முக்கால்கூட இருக்காது."

அவள் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நேத்துலேருந்து என் கையை நானே திட்டிக்கிட்டு இருக்கேன்பா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்க. அழுதா நேரம் போகும். எவ்வளவு ஓடியிருக்கு?"

"நூற்று அறுபத்தெட்டு."

"சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி ஆக ஆரம்பிச்சிருக்கும். முழுசா ஆகியிருக்காது. இன்னிக்குப் பாரம் குடுத்தா ரிங் உட்கார வாய்ப்பிருக்கு. நாளைக்குன்னா இல்லை." அவள் எழுந்தாள். "ஏரி மேட்டுக்குப் போவோம். ஏத்தத்துல இழுத்தா சமதரையை விட நல்லது. நான் ஓட்டுறேன்."

"சோதனைப் பலகை என் பேர்ல இருக்கும்மா. வழியில நிறுத்திக் கேட்டா பதில் சொல்ல முடியாது."

"அப்போ நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து அழுத்தம் பார்க்கிறேன்."

"பழகாத வண்டியில யாரும் ஏறக் கூடாது."

"அந்த விதி எப்போ வந்ததுன்னு எனக்குத் தெரியும். அந்த வண்டியில நானும்தான் இருந்தேன்." சொல்லிவிட்டு அவள் அழுத்தமானியை எடுத்துவர உள்ளே போனாள்.

ஏரி மேட்டுச் சாலை நகரத்துக்கு வெளியே, நீர்த்தேக்கத்தின் கரைக்கு ஏறும் பாதை. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான ஏற்றம்; ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவுக் கைப்பிடிச்சுவர். அந்தச் சுவரைக் கண்டதும் அவர் வேகத்தைக் குறைத்தார். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இருக்கைப் பட்டையை மகள் சரியாக மாட்டியிருக்கிறாளா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"அப்பா, அது பட்டை. ரிங் இல்லை. மூணாவது தடவை பார்க்க வேண்டாம்," என்றாள் மகள். அவளுடைய குரலும் ஒன்றும் திடமாக இல்லை. கருவியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. அவளுக்கும் பயம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அது ஆறுதலாக இல்லை. இரண்டு பயத்தையும் தானே சுமப்பதுபோல இருந்தது.

மணி ஒன்று ஐந்து. மூன்றாவது கியர். நாற்பது.

"இப்போ."

வலது காலை இறக்கினார். இன்ஜின் உறுமியது. ஏற்றம் வண்டியைப் பின்னால் இழுக்க, இன்ஜின் முன்னால் இழுத்தது. அந்த இழுபறி இருக்கை வழியாக முதுகுத் தண்டுக்கு ஏறியது. ஐம்பது. ஐம்பத்திரண்டு. கால் மேலே வர முயன்றது. வலது தொடையின் மேல் இடது கையை வைத்துத் தானே அமுக்கிக்கொண்டார். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

"கையை ஸ்டியரிங்ல வைங்கப்பா."

"வச்சா கால் வந்துடும்."

"வரட்டும், மறுபடி மிதிக்கலாம். கையை வைங்க."

அறுபத்துமூன்றில் கால் வந்துவிட்டது. முதல் இழுப்பு கணக்கில் சேராது என்றாள். இரண்டாவது அறுபத்தெட்டு வரை போயிற்று, சேரும் என்றாள். ஒவ்வொரு முறையும் காலை எடுத்ததும், கியரின் பிடிப்பில் வண்டி முனகிக்கொண்டு நாற்பதுக்கு இறங்கியது. மகள் அழுத்தத்தை உரக்கப் படித்தாள்: மூன்று புள்ளி எட்டு, மூன்று புள்ளி ஒன்பது, நான்கு. எண்களைக் கேட்கும்போது மட்டும் அவரால் மூச்சுவிட முடிந்தது.

மூன்றாவது இழுப்பில், அறுபத்தாறில், அது வந்தது. தடதடவென்று, உலோகம் உலோகத்தில் அடிக்கும் சத்தம். பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அவர் எதிர்பார்த்திருந்த சத்தம். இடது கால் கிளட்சில் விழுந்தது. வலது கால் மிதியிலேயே இருந்ததால் பாரம் விடுபட்ட இன்ஜின் அலறியது. அந்த அலறலில் அவர் காலையும் எடுத்து, பிரேக்கையும் அமுக்கி, வண்டியைக் கைப்பிடிச்சுவரை ஒட்டி நிறுத்தினார். மகளின் முன்னால் குறுக்கே தன் கையை நீட்டியிருந்தார். எப்போது நீட்டினார் என்று தெரியவில்லை. சுவருக்கும் அவர் பக்கக் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

இன்ஜின் நிதானமாக, சீராக ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் இரண்டு புள்ளி ஒன்று, சும்மா ஓடும்போது இருக்க வேண்டிய அளவு. மகள் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்து பின்னால் போனாள். அவரால் இறங்க முடியவில்லை. பின்பக்கம் அவள் குனிவது கண்ணாடியில் தெரிந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தாள். "எண் பலகை. கீழ்க்கம்பி அவுந்துபோச்சு. காத்துல அடிச்சிருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

"என் தலைமுடி ரப்பரைப் போட்டுக் கட்டியிருக்கேன். நல்லாவே பார்த்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது. மகள் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். பாதி அவருடைய சட்டையில் சிந்தியது.

"வேண்டாம்னா திரும்பிடலாம்பா," என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு. "நான் முதலாளிகிட்ட பிரிக்கச் சொல்லிடுறேன். உங்க பேரை இழுக்கமாட்டேன்."

அவர் புட்டியை மூடினார். மூடி திருகில் உட்கார மூன்று முறை முயல வேண்டியிருந்தது. பிறகு கியரைப் போட்டார்.

நான்காவது, எழுபது. ஐந்தாவது, எழுபது. உச்சியில் திருப்பி, கியரின் பிடிப்பிலேயே கீழே இறங்கி, மறுபடியும் ஏறினார்கள். பயம் குறையவில்லை, அது ஒவ்வொரு முறையும் ஐம்பத்திரண்டில் காத்திருந்தது. அவர் அதன் வழியாகவே ஓட்டிக்கொண்டு போனார். ஏழாவது இழுப்பு முடிந்து காலை எடுத்தபோது மகள் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். புகை வந்தது, ஆனால் முன்பு போர்வையாக வந்தது இப்போது நூலாக வந்தது. கணக்கில் சேர்ந்தவை பத்து, சேராதவை மூன்று. ஒன்று ஐம்பத்தைந்துக்கு அவர்கள் அடிவாரத்தில் இருந்தார்கள். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கால் பாதத்திலிருந்து இடுப்பு வரை மரத்துப்போயிருந்தது.

"முதலாளிகிட்ட நீ என்ன சொல்லப்போற?" என்று கேட்டார்.

"இன்னும் நூற்றுச் சொச்சம் ஓட்டணும், நாளைக்குப் பாருங்கன்னு சொல்வேன். மத்தது உங்க குறிப்பேடு. நீங்கதான் எழுதணும்."

வண்டியிலேயே உட்கார்ந்து அவர் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். பத்துக் குறிகளின் மேலும் குறுக்கே ஒரே கோடு இழுத்தார். கீழே எழுதினார்: "இவை பொய். திங்களன்று இழுப்பு எதுவும் செய்யவில்லை. பயம். இன்று, 168 கி.மீ.க்குப் பிறகு, பத்து." கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

மீதித் தூரத்தை அன்று மாலையும் மறுநாள் காலையும் ஏற்ற இறக்கமுள்ள சாலைகளில் ஓட்டி முடித்தார்கள். வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியருகே வந்தார். கடைசல்காரர் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

முதலாளி குச்சியை எடுத்தார், துடைத்தார், விட்டார், எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மகள் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறைஞ்சது கால்பங்குல நிக்குது. மயிரிழை அந்தப் பக்கம் போனா நான் பிரிச்சிருப்பேன்," என்றார் முதலாளி. பின்குழாயின் வாயில் விரலைவிட்டுத் துடைத்து, விரலைப் பார்த்தார். "காய்ஞ்சுதான் இருக்கு. சரி, குறிப்பேடு எங்க?"

அவர் கொடுத்தார். முதலாளி நின்றபடியே புரட்டினார். கோடு போட்ட பக்கத்தில் நின்றுவிட்டார். ஒரு முறை படித்தார், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"உனக்கு இது எப்போ தெரியும்?" என்று மகளிடம் கேட்டார்.

"நேத்து மத்தியானம் சார்."

"திங்கக்கிழமையே ஒழுங்கா ஓட்டியிருந்தா இது அரைக்கால்பங்குல நின்னிருக்கும். உன் கட்டுமானத்துல குறை இல்லை." குறிப்பேட்டை மூடினார். பிறகு அரைமிதியாரை நோக்கித் திரும்பினார். அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். "உங்க எழுத்தைப் பார்த்துத்தான் நான் இத்தனை வருஷமா வண்டியை வெளிய விட்டிருக்கேன். ஒரு தடவைகூடக் கேள்வி கேட்டதில்லை."

"ஆமாங்க," என்றார் அவர். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டார். மனைவியிடம் இதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்றுகூட மனம் யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

முதலாளி மகளிடம் சொன்னார்: "மேசை உனக்கு. இனிமே இங்க கட்டுற இன்ஜின் உன்னோடது. அதை யார் ஓட்டிப் பழக்கணும்னு நீதான் சொல்லணும். இவரே வேணும்னாலும் சரி, வேற ஆள் வேணும்னாலும் சரி. அப்பான்னு பார்க்காதே, மரியாதைக்காகவும் சொல்லாதே. யோசிச்சுச் சொல்லு."

மகள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது அவளுடைய புருவத்தில் தெரிந்தது. அந்த அரை நிமிடம் அவருக்கு ஏரி மேட்டைவிட நீளமாக இருந்தது.

"அப்பாவே ஓட்டட்டும் சார். ஒவ்வொரு இன்ஜினுக்கும் முதல் நூறு கிலோமீட்டருக்கு நான் பக்கத்துல உட்காருவேன். இழுப்புக்கு நானும் கையெழுத்துப் போடுவேன்."

"எத்தனை இன்ஜினுக்கு?"

"எண்ணிக்கை எல்லாம் இல்லை. எல்லாத்துக்கும்."

கடைசல்காரர் மெல்ல இருமினார். "அண்ணே, பேசாம வேலை போயிருந்தாலே நிம்மதியா இருந்திருப்பீங்க போல."

அரைமிதியார் அதற்குச் சிரிக்கவில்லை. புதிதாகக் கட்டிய இன்ஜின், பக்கத்து இருக்கையில் மகள், முழு மிதி. மாதத்துக்கு இரண்டு முறை, ஓய்வு பெறும் வரை. பத்தொன்பது ஆண்டுகளாக எதிலிருந்து ஓடி ஒளிந்தாரோ அதுவே வேலையாகக் கையில் வந்து விழுந்திருந்தது. முடியாது என்று சொல்லிவிட இப்போதுகூட இடம் இருந்தது. முதலாளி காத்துக்கொண்டுதான் நின்றார்.

"அடுத்தது எப்போம்மா கட்டி முடிப்ப?" என்று மகளிடம் கேட்டார்.

"பதினெட்டாம் தேதி."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, புதிய பக்கத்தின் தலையில் நானூற்றுப் பதின்மூன்று என்று எழுதித் தேதியைக் குறித்துக்கொண்டார். ஓட்டுநர் கையெழுத்து என்று ஒரு கட்டமும், அதன் பக்கத்தில், அதே அகலத்தில், இன்னொரு கட்டமும் வரைந்தார்.